படகு எஞ்சினின் ஒயில் நட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை

காசல்ரீ படகுக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். மறுகரைத் தோட்டத்து ஆட்களையும் கடைச் சாமான்களையும் ஏற்றி இறக்குவதுதான் வேலை. எஞ்சின் 15 குதிரைவலு, ஃபோர் ஸ்ட்ரோக். நீர்கொழும்புப் பக்கம் கடலில் ஓடியதைப் பழையதாக வாங்கினோம்.

கடைசியாக ஒயில் மாற்றிய கராஜில், ஒயில் இறக்கும் துளையை மூடும் நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். இப்போது கழற்றும்போது முதலில் முரண்டு பிடித்தது, பிறகு திடீரென்று இலேசாகிவிட்டது. பழைய ஒயில் முழுவதும் இறங்கிவிட்டது. நட்டைத் திரும்பப் போட்டால் உள்ளே போகிறது, ஒரு கட்டத்துக்குமேல் வெறுமனே சுற்றுகிறது. கையால் இழுத்தாலே ஆடுகிறது.

சாமான் கடையில் கேட்டால், டெஃப்லான் டேப் சுற்றிப் போடுங்கள், பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆட்களை ஏற்றும் படகு. தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் தண்ணீரில் இறக்கியாக வேண்டும். மழை பிடித்துவிட்டால் அந்தப் பக்கத்துப் பாதையில் ஆட்டோகூட வராது. என்ன செய்யலாம்?

கொத்மலைவாசி:
டேப் சுற்றிப் போடுவதில் என்ன தவறு? எங்கள் தண்ணீர்க் குழாய் எல்லாம் அப்படித்தானே நிற்கிறது. பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி இறுக்கினால் ஒரு பருவம் தாங்கும்.

திருமலை எஞ்சின்காரர்:
தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம். குழாயில் இருப்பது கூம்பு வடிவ மரை, அதாவது திருகுப் பள்ளம். டேப் அதன் இடைவெளியை நிரப்பும், பிடிப்பது மரைதான். இங்கே பிடிக்க மரையே இல்லை. எஞ்சின் சூடாகும், அதிரும். டேப்பின் துண்டுகள் உள்ளே உதிர்ந்தால் ஒயில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். ஒயில் ஒழுகியும் எஞ்சின் இறுகி நின்றுவிடலாம், ஒயில் இருந்தும் பம்ப் உறிஞ்ச முடியாமலும் நின்றுவிடலாம். இரண்டுக்கும் ஒரே டேப் காரணமாக வேண்டுமா?

படகுக்காரத் தம்பி, முதலில் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். நட்டின் மரை தேய்ந்திருக்கிறதா, எஞ்சின் பக்கத்து மரை போயிருக்கிறதா? இரண்டும் வேறு நோய்கள். நட் போயிருந்தால் புது நட்டோடு கதை முடிந்தது. நட்டை ஒரு துணியால் துடைத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

காசல்ரீ படகுக்காரன்:
பார்த்தேன் அண்ணா. நட்டின் மரை கூர்மையாகவே இருக்கிறது. ஆனால் அதன் பள்ளங்களில் மெல்லிய வெள்ளிக் கம்பி ஒன்று சுற்றிக்கொண்டு இருந்தது. ஊசியால் நெம்பினேன், சுருளாக அப்படியே கழன்று வந்தது. விரலால் நசுக்கினால் நசுங்குகிறது.

திருமலை எஞ்சின்காரர்:
அதுதான் உங்கள் எஞ்சினின் மரை. நட் இரும்பு, உடல் அலுமினியம். அளவுக்கு மீறி இறுக்கினால் இரும்பு தன் பள்ளத்துக்குள் அலுமினியத்தை உரித்து எடுத்துக்கொண்டு வந்துவிடும். புது நட் வாங்கிப் பயனில்லை. துளைக்குப் புது மரை வைத்தாக வேண்டும்.

அந்த எஞ்சின் கடலில் ஓடியது என்கிறீர்கள். துளையின் விளிம்பில் வெள்ளைப் பொடி இருக்கிறதா பாருங்கள். உப்பு நீரில் இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். அங்கே மரை முன்பே பலவீனப்பட்டிருக்கும், கராஜ்காரரின் கை கடைசி அடியைக் கொடுத்திருக்கும். கரையோரத்திலிருந்து மலைக்கு வரும் பழைய எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் இந்தக் குறை உண்டு. இங்கே நன்னீரில் ஓட்டுவதால் புதிதாக அரிப்பது குறைவு, ஆனால் பழையது பழையதுதான்.

ஹட்டன் லேத் பட்டறை:
இந்த வேலையை நான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வழிகள் பல இருக்கின்றன, எல்லாம் ஒரே தரம் இல்லை.

சந்தையில், தானே மரை வெட்டிக்கொண்டு போகும் சற்றுப் பெரிய நட் கிடைக்கும். வாகனங்களுக்குப் போடுவார்கள். படகு எஞ்சினுக்கு அதை நான் போடமாட்டேன். கோணலாக ஏறிவிட்டால் மெல்லிய அலுமினியச் சுவர் பிளக்கும். அடுத்த முறை ஒயில் மாற்றக் கழற்றும்போது அதுவும் உரித்துக்கொண்டு வரும். வெட்டிய சீவலும் உள்ளேதான் விழும். பசை வைத்து அடைப்பதும் அப்படித்தான். ஒயில் ஊறிய அலுமினியத்தில் எந்தப் பசையும் நிலைத்து ஒட்டாது.

எனக்குத் தெரிந்து நம்பத்தக்க வழிகள் இரண்டு. ஒன்று ஹெலிகாயில். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கென்று உள்ள டாப் போட்டு மரை வெட்டி, எஃகுச் சுருள் ஒன்றை உள்ளே இறக்குவது. பழைய நட் அதே அளவில் திரும்ப ஏறும். இரண்டாவது, லேத்தில் கடைந்த புஷ். வெளியே பெரிய மரை, உள்ளே பழைய அளவு மரை. துளையைச் சுற்றியுள்ள அலுமினியம் தடிப்பாக இருந்தால் புஷ்தான் சிறந்தது. மெல்லியதாக இருந்தால் ஹெலிகாயில். அதனால் துளையின் விளிம்பிலிருந்து சுவரின் ஓரம்வரை எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள்.

புஷ்ஷைப் பித்தளையில் கடையச் சொல்லாதீர்கள். கடைவதற்கு எளிது என்று பலர் அதைத்தான் எடுப்பார்கள். ஈரத்தில் பித்தளையோடு சேர்ந்த அலுமினியம் அரித்துப்போகும்.

கொத்மலைவாசி:
டேப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இன்னொரு யோசனை. துளையையே நிரந்தரமாக அடைத்துவிட்டு, ஒயில் அளவுக் கம்பி போகும் துளை வழியாகப் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்தால் என்ன? மேல்நாட்டுப் படகுக்காரர்கள் நட்டைத் தொடுவதே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

திருமலை எஞ்சின்காரர்:
உறிஞ்சி எடுப்பது நல்ல முறைதான், நானும் செய்கிறேன். எஞ்சினை இளஞ்சூடாக்கிக்கொண்டு, நிமிர்த்தி வைத்து, மெல்லிய குழாயை அடிவரை விட்டு இழுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். இந்த அளவு எஞ்சினில் மொத்தமே ஒரு லீட்டர் வாக்கில்தான் இருக்கும். சூடாக்குவதென்றால் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் கால் (ப்ரொப்பெல்லர் உள்ள கீழ்ப்பகுதி) முழுவதும் அமிழ்ந்திருக்கும்படி வைத்து ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் கூலிங் பம்பின் ரப்பர்ச் சக்கரம் சிறிது நேரத்திலேயே கருகிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நட் நன்றாக இறுகி நிற்கிறது, தலை மட்டும் தேய்ந்துவிட்டது என்றால் உறிஞ்சும் முறையில் காலம் தள்ளலாம். அவசரம் ஒன்றும் இல்லை. இங்கே பிடிமானமே போய்விட்டது. எதை வைத்து அடைத்தாலும் அந்த அடைப்பு நிற்க மரை வேண்டும். எப்படியும் மரை வெட்டத்தான் போகிறோம் என்றால் நட் போடும்படியாகவே வெட்டலாமே.

மஸ்கெலியா ஆசிரியர்:
எஞ்சின் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இந்த வேலைகளைக் கரையோரத்தில் வைத்துச் செய்யாதீர்கள். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் படகுகளைக் கரையில் சாய்த்து ஒயிலை மண்ணில் இறக்குவதைக் கண்ணால் பார்க்கிறேன். அடுத்த மழையில் அது அப்படியே நீருக்குள் போகிறது.

காசல்ரீக்கு வரும் கெஹெல்கமு ஓயாவும் மவுசாகலைக்கு வரும் மஸ்கெலியா ஓயாவும் கீழே சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்புக்குக் குடிக்கக் கொடுப்பது அந்தத் தண்ணீரைத்தான். கொழும்புவரை போகவேண்டாம், நீர்த்தேக்கத்து மீனைத் தின்பவர்கள் நம் ஆட்கள். பழைய ஒயிலைக் கேனில் பிடித்து மூடி, வாகன சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

காசல்ரீ படகுக்காரன்:
நியாயமான பேச்சு ஐயா. எஞ்சினைக் கழற்றி மேலே வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஐம்பது கிலோ வரும், இரண்டு பேர் பிடித்தால் போதும். ஒயில் ஒரு பழைய கேனில் இருக்கிறது.

லேத் அண்ணா, அளந்து பார்த்தேன். துளை இருக்கும் இடம் திரண்டு நிற்கிறது. விளிம்பிலிருந்து சுவரின் ஓரம்வரை எல்லாப் பக்கமும் 6 மில்லிமீட்டருக்குக் குறையாது. நட் 14 மில்லிமீட்டர். திருமலை அண்ணா சொன்ன வெள்ளைப் பொடி விளிம்பில் இருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், போய்விட்டது, கீழே சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றன.

ஹட்டன் லேத் பட்டறை:
6 என்றால் தாராளம். புஷ் போடலாம். குழி விழுந்திருப்பது முக்கியமான செய்தி. ஒயிலை நிறுத்துவது மரை என்று பலர் நினைக்கிறார்கள். மரை நட்டை இழுத்துப் பிடிப்பதற்கு மட்டும்தான். ஒயில் ஒழுகாமல் நிறுத்துவது வொஷரும், அது அமரும் முகமும். அந்த முகத்தில் குழி இருந்தால் எவ்வளவு அருமையான மரை வெட்டினாலும் கசியும். அதனால் புஷ்ஷுக்கு ஒரு சிறு விளிம்பு விட்டுக் கடைகிறேன். விளிம்பு அலுமினியத்தின்மேல் அமரும், வொஷர் விளிம்பின்மேல் அமரும். குழிகள் விளிம்புக்கு அடியில் போய்விடும், அங்கே மரையைப் பூட்டும் பசை வைத்து நிரந்தரமாக இறக்கிவிடலாம்.

உங்களிடம் ஹெலிகாயில் போடச் சொல்லி வேறு யாராவது வந்தால் இதைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சுருளின் நுனியில், உள்ளே இறக்குவதற்காக ஒரு சிறு நாக்கு இருக்கும். இறக்கி முடிந்ததும் அதை ஒடிக்கவேண்டும். ஒடித்தது உள்ளே விழுந்தால் காந்தம் விட்டு எடுக்கலாம் என்பார்கள். அந்தச் சுருள் துருப்பிடிக்காத எஃகு, காந்தத்தில் நன்றாக ஒட்டாது. நுனி நீண்ட குறட்டால் நாக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஒடிக்கவேண்டும்.

மரை வெட்டும்போது டாப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பிக்கொள்வேன். சீவல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் மீண்டும் விடவேண்டும். துளை பக்கவாட்டில் இருக்கும் எஞ்சின் என்றால், துளை கீழே பார்க்கும்படி எஞ்சினைச் சாய்த்து வைத்தால் மிச்சச் சீவலும் வெளியே விழும். முடிந்ததும் மலிவான ஒயில் அரை லீட்டர் மேலிருந்து ஊற்றி அப்படியே ஓடவிடுங்கள். கீழே வெள்ளைத் துணி விரித்துப் பாருங்கள். துணியில் மினுமினுப்பு தெரிந்தால் இன்னொரு முறை ஊற்றுங்கள். ஒயிலில் கஞ்சத்தனம் பார்க்கும் இடம் இது இல்லை.

கொத்மலைவாசி:
இதே இழையில் என் பிரச்சினையையும் கேட்டுக்கொள்கிறேன், மன்னிக்கவும். என்னுடையது பழைய டூ ஸ்ட்ரோக். ஒயில் நட் கிடையாது, கீழே ப்ரொப்பெல்லருக்கு முன்னால் உள்ள கியர்ப் பெட்டியில் இரண்டு ஸ்குரூ. மேல் ஸ்குரூ கழன்றுவிட்டது. கீழ் ஸ்குரூவின் வெட்டு முழுக்கத் தேய்ந்து கிண்ணம்போல் ஆகிவிட்டது. ஸ்குரூ ட்ரைவர் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஸ்குரூவில் துளையிட்டு உள்ளே திருகிக் கழற்றும் ஈசி அவுட் போட்டுத் திருகலாமா?

திருமலை எஞ்சின்காரர்:
பொறுங்கள், ஈசி அவுட்டைக் கையில் எடுக்கவேண்டாம். அது கடைசி மருந்து. கடினமான எஃகு, நெளியாது, ஒடியும். உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதைத் துளைக்காது. பிறகு பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

இந்த ஸ்குரூக்கள் தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், வீட்டில் கிடக்கும் மெல்லிய ஸ்குரூ ட்ரைவர். அந்த வெட்டு அகலமானது, தடித்தது. நுனி அதில் இறுக்கமாக நிறைந்து நிற்கவேண்டும். நான் ஒரு பெரிய தட்டை ட்ரைவரை அரத்தால் தேய்த்து இந்த வெட்டுக்கென்றே வைத்திருக்கிறேன்.

இப்போது செய்யவேண்டியது: ஸ்குரூவைச் சுற்றிச் சுரண்டிப் பெயின்ட்டையும் வெள்ளைப் பொடியையும் எடுங்கள். ஊடுருவும் ஒயிலை விட்டு இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் ஒரு தடித்த பஞ்ச்சை ஸ்குரூவின் நடுவில் வைத்துச் சுத்தியலால் நேராக நாலு தட்டுத் தட்டுங்கள். இறுகிப்போன மரைக்கு இந்த அதிர்ச்சிதான் பாதி வைத்தியம். பிறகு கூர்மையான சிறு உளியால் பழைய வெட்டை ஆழமாக்கி, சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் ட்ரைவரை வைத்து அடியுங்கள். அடியின் விசை ட்ரைவரை உள்ளே அழுத்திக்கொண்டே திருப்புவதால் வழுக்காது. கியர்ப் பெட்டியின் மறுபக்கத்தில் மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு அடியுங்கள். இல்லையென்றால் அடி எல்லாம் உள்ளே இருக்கும் பேரிங் வாங்கும்.

அதுவும் முடியவில்லையென்றால் உளியைத் தலையின் ஓரத்தில் சாய்த்து வைத்து, கழலும் திசையில் தட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இடப்பக்கம் சுற்றும் டிரில். துளைக்கும் திசையே கழற்றும் திசை என்பதால் பல நேரங்களில் பாதித் துளையிலேயே ஸ்குரூ தானாகச் சுழன்று வந்துவிடும். கேஸ் விளக்கால் சுடுவதென்றால் மிதமாக. பக்கத்தில் ரப்பர் சீல்கள் இருக்கின்றன.

மிக முக்கியமான ஒன்று. உங்களுடையது பழைய ஜோன்சன் அல்லது எவின்ரூட் என்றால், கீழ் ஸ்குரூவுக்குப் பக்கத்திலேயே நட்சத்திர வெட்டு உள்ள இன்னொரு ஸ்குரூ இருக்கலாம். அது ஒயிலுக்கு உரியது அல்ல, உள்ளே கியர் மாற்றும் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டிருப்பது. அதைக் கழற்றினால் நெம்புகோல் இடம் மாறிவிடும், கியர்ப் பெட்டியையே பிரிக்கவேண்டி வரும்.

கொத்மலைவாசி:
நல்ல வேளை சொன்னீர்கள். என்னுடையது எவின்ரூட்தான். நீங்கள் சொன்ன நட்சத்திர ஸ்குரூ இருக்கிறது, அடுத்து அதைத்தான் கழற்றிப் பார்க்கலாம் என்று இருந்தேன்.

காசல்ரீ படகுக்காரன்:
என் பக்கத்துச் செய்தி. லேத் அண்ணாவின் பட்டறைக்கே எஞ்சினைக் கொண்டுபோனேன். துருப்பிடிக்காத எஃகில் புஷ் கடைந்து, பசை வைத்து இறக்கிவிட்டார். பசை இறுகுவதற்கு ஒரு நாள் அங்கேயே வைத்திருந்தார். புது வொஷர், பழைய நட். துணி விரித்துப் பார்த்தபோது முதல் முறை ஒயிலில் கொஞ்சம் மினுமினுப்பு இருந்தது, இரண்டாம் முறை இல்லை. பீப்பாயில் நிறுத்தி ஓட்டினோம். நட்டைச் சுற்றிக் காகிதத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டேன். சூடாகி ஆறியபிறகும் காகிதம் காய்ந்துதான் இருக்கிறது. ஒயில் அளவு குறையவில்லை. நட்டை எவ்வளவு இறுக்கவேண்டும் என்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஹட்டன் லேத் பட்டறை:
எஞ்சினின் கைநூலில் உள்ள அளவுக்கு, டோர்க் ஸ்பானரால். என்னிடம் வந்தால் இறுக்கித் தருகிறேன், பணம் வேண்டாம். கசிகிறதோ என்ற பயத்தில் போகும்போதும் வரும்போதும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கும் பழக்கம்தான் மரையை உரிப்பது. வொஷர் ஒருமுறை நசுங்கி அமரும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை ஒயில் மாற்றும்போதும் புது வொஷர் போடுங்கள். மிகக் குறைந்த விலைச் சாமான்.

திருமலை எஞ்சின்காரர்:
முதல் சில ஓட்டங்களுக்கு ஆட்களை ஏற்றாமல் கரையோரமாகவே ஓட்டிப் பாருங்கள் தம்பி. ஒயில் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும் எஞ்சின் என்றால், சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எஞ்சின்களில் அந்த வயர் அறுந்து கிடப்பது சாதாரணம். ஆட்களை ஏற்றத் தொடங்கியபிறகும் துடுப்பும் உயிர்காப்பு அங்கியும் படகில் இருக்கட்டும்.

கொத்மலைவாசி:
ஸ்குரூ வந்துவிட்டது! ஊறவைத்து, பஞ்ச்சால் தட்டி, இம்பாக்ட் ட்ரைவர் வைத்து அடித்தேன். மூன்றாவது அடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், பிறகு விரலால் கழன்றது. ஆனால் வந்த ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருக்கிறது. ஸ்குரூ நுனியிலும் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கிறது. புது ஸ்குரூவும் வொஷரும் போட்டுப் புது ஒயில் விட்டால் போதுமா?

திருமலை எஞ்சின்காரர்:
நுனியில் நுண்ணிய சாம்பல் பசை மட்டும் என்றால் அது வழக்கமான தேய்மானம். பல ஸ்குரூக்களில் அதைப் பிடிக்கவே காந்தம் வைத்திருப்பார்கள். உலோகச் சில்லுகள் இருந்தால் கவலைப்படவேண்டும். பால் நிறம் வேறு செய்தி, உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது ஒயில் விட்டால் பேரிங் துருப்பிடித்துப் போகும்.

தேய்ந்த ஸ்குரூவின் வொஷர் வழியாகவும் போயிருக்கலாம். ஆனால் நான் முதலில் பார்ப்பது ப்ரொப்பெல்லருக்குப் பின்னால். நீர்த்தேக்கத்தில் வலை போடுகிறார்கள் அல்லவா? அறுந்த நைலோன் நூல் தண்டில் சுற்றி, சுழலும் வேகத்தில் சீலைத் தின்றுவிடும். ப்ரொப்பெல்லரைக் கழற்றி, தண்டில் நூல் சுற்றியிருக்கிறதா பாருங்கள். பிறகு கீழ் ஸ்குரூவைப் புது வொஷரோடு மூடிவிட்டு, மேல் துளையில் ஒரு பொருத்தி வைத்து, அளவுமானி உள்ள சைக்கிள் பம்பால் 10 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று அடியுங்கள். 15 ஐத் தாண்டவேண்டாம், நல்ல சீலும் மடிந்துவிடும். கியர்ப் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம்தான் குற்றவாளி.

ஒயில் விடும்போது கீழ்த் துளை வழியாக மேல்நோக்கித் தள்ளுங்கள். மேல் துளையில் குமிழி இல்லாமல் வந்ததும் முதலில் மேல் ஸ்குரூவை மூடி, பிறகு கீழ் ஸ்குரூவை மூடவேண்டும். மாற்றிச் செய்தால் விட்டதெல்லாம் கையில் ஒழுகும். 80டபிள்யூ-90 கியர் ஒயில், படகு எஞ்சினுக்கென்று குறித்தது. குமிழி எங்கே வந்தது என்று இங்கேயே எழுதுங்கள், சீல் இலக்கத்தைத் தேடித் தருகிறேன்.